வண்டியே வீடாக

உரைநடை உலகம்

நுழையும்முன்

வீடு என்றதும் நிலத்தில் ஊன்றி நிற்கும் கட்டடமே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், ஆண்டின் பெரும்பகுதியைச் சக்கரங்களின் மேல் அமைந்த ஒரு சிற்றறையிலேயே கழிப்போர் நம் நாட்டில் பல இலட்சம் பேர் உள்ளனர். அவர்கள் சரக்குந்து ஓட்டுநர்கள். வெப்பநிலத்தில் பிறந்து வளர்ந்த ஓட்டுநர் ஒருவர், வடபுலத்தின் கடும்பனிக்காலத்தை அந்தச் சிற்றறைக்குள் எவ்வாறு எதிர்கொள்கிறார்? அவரைக் காப்பது எது? அவருக்குத் தீங்காவது எது? இலக்கியமும் அறிவியலும் இணைந்து இவ்வினாக்களுக்கு விடை கூறுகின்றன.

ஒரகடத்தில் தொடங்கும் நெடுவழி

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் நிலப்பகுதி, ஒரு தலைமுறைக்கு முன்பு ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த சிற்றூர்களின் தொகுதியாக இருந்தது. இன்று அது நாட்டின் முதன்மையான ஊர்தி உற்பத்தி மண்டலங்களுள் ஒன்று. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ரெனோ–நிசான் கூட்டு நிறுவனத்தின் ஆலை ஒரகடத்தில் திறக்கப்பட்டது. 2012-இல் அதே ஒரகடத்தில் டைம்லர் நிறுவனத்தின் பாரத்பென்ஸ் சரக்குந்து ஆலையும் செயல்படத் தொடங்கியது.

ஆலையிலிருந்து வெளிவரும் மகிழுந்துகள் நாடெங்கும் சென்று சேர வேண்டும். அவற்றை அடுக்கி ஏற்றிச் செல்லும் நீண்ட டிரெய்லர் வண்டிகளை ஒரகடம் வட்டாரச் சாலைகளில் எந்நேரமும் காணலாம். சுமை ஏறும் முறை வரும்வரை ஓட்டுநர்கள் காத்திருக்கின்றனர். வண்டியின் நிழலில் அடுப்பு எரிகிறது. கதவில் கட்டிய கயிற்றில் துணி உலர்கிறது. திறந்த கதவின் வழியே ஒருவரின் உறங்கும் கால்கள் தெரிகின்றன. அவ்வழியே பள்ளிக்குச் செல்லும் மாணவருக்கு அது வண்டி. உள்ளே இருப்பவருக்கு அதுவே வீடு.

ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 48, கிருஷ்ணகிரியில் மற்றொரு நெடுஞ்சாலையைச் சந்திக்கிறது. அது கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44. 3,700 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அச்சாலை ஐதராபாத், நாக்பூர், ஜான்சி, குவாலியர், ஆக்ரா, டெல்லி, அம்பாலா, ஜம்மு எனப் பல நகரங்களைத் தொட்டுச் செல்கிறது. சுமை ஏற்றிய நீண்ட வண்டி ஒன்று ஒரகடத்திலிருந்து டெல்லியை அடைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். தை மாதத்தில் இவ்வழியே செல்லும் ஓட்டுநர், ஒரே பயணத்தில் பல தட்பவெப்ப நிலைகளைக் கடக்கிறார். புறப்படும் ஊரில் இரவு வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். டெல்லியில் அது 7 டிகிரி அளவுக்கு இறங்கும். ஸ்ரீநகரிலோ நீர் உறையும் நிலைக்கும் கீழே செல்லும். ஊர்கள் மாறுகின்றன, காற்று மாறுகிறது, அவருடைய வீடு மட்டும் மாறுவதில்லை.

உமண் வண்டியும் சேம அச்சும்

வண்டியையே வீடாகக் கொண்ட வாழ்வு தமிழருக்குப் புதியதன்று. சங்ககாலத்தில் நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுசென்று விற்றவர் உமணர். அவர்தம் வண்டித் தொடருக்கு ‘ஒழுகை’ என்று பெயர். தொண்டைமான் இளந்திரையனைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, உமணரின் வண்டியை விரிவாகக் காட்டுகிறது. அவ்வண்டிக்குக் கூரை உண்டு. ஊறுகாய்ப் பானை கயிற்றால் பிணிக்கப்பட்டுத் தொங்குகிறது. குழந்தையை உடைய தாய் எருதுகளை ஓட்டுகிறாள். குடும்பமே வண்டியோடு பெயர்கிறது. காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டை நாட்டின் அப்பழைய வழிகள் கிடந்த நிலத்தில்தான் இன்றைய ஒரகடமும் உள்ளது.

உமணர் தம் வண்டியின் அடியில் கூடுதலாக ஓர் அச்சு மரத்தைக் கட்டிக்கொண்டு சென்றனர். மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று முன்னரே எண்ணிய ஏற்பாடு அது. இதனைச் ‘சேம அச்சு’ என்று குறிப்பிட்டு, ஒரு தலைவனின் துணைவலிமைக்கு உவமையாக்குகிறார் ஔவையார். புறநானூற்றில் இடம்பெறும் இவ்வுவமையில் ஒரு வாழ்வியல் உண்மை பொதிந்துள்ளது. நெடுவழி செல்வோர், இடர் வந்தபின் வருந்துவதைவிட வருமுன் எண்ணுவதே அறிவு என்பதாகும் அது. பனிக்காலப் பயணத்திற்கும் ஒரு சேம அச்சு வேண்டும். அதன் பெயர் அறிவு.

குளிர் நுழையும் வழி

சரக்குந்தின் ஓட்டுநர் அறை அளவிற் சிறியது. இருக்கைக்குப் பின்னால் ஓர் ஆள் படுக்கத்தக்க பலகை; தலைக்கு மேல் கம்பளியும் உடைப் பையும் வைக்கும் தட்டு; முன்கண்ணாடியின் மேல் தெய்வப் படமும் பிள்ளைகளின் நிழற்படமும். முன்பெல்லாம் அடிச்சட்டமாகவே வாங்கப்பட்ட வண்டிகளுக்கு நாமக்கல், சங்ககிரி போன்ற ஊர்களின் கூண்டு கட்டும் பட்டறைகளில் மரச்சட்டங்களைக் கொண்டு ஓட்டுநர் அறை அமைத்தனர். இன்று பெரும்பாலான வண்டிகள் ஆலையிலேயே எஃகு அறையுடன் வெளிவருகின்றன. எஃகு மோதலைத் தாங்க வல்லது. ஆனால், வெப்பத்தை எளிதில் கடத்துவது. அசையாத காற்றோடு ஒப்பிட்டால் எஃகு ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். எனவே, பகலில் இயந்திரத்தின் வெப்பத்தால் கதகதப்பாக இருந்த அறை, இயந்திரத்தை நிறுத்திய சிறிது நேரத்திலேயே வெளிக்காற்றின் குளிர்ச்சியை அடைந்துவிடுகிறது.

வெப்பம் மூன்று வழிகளில் இடம்பெயர்கிறது எனப் பாடநூல்களில் கற்கிறோம். அம்மூன்றையும் இவ்வறையில் நேரிற் காணலாம். படுக்கைப் பலகை உடலின் வெப்பத்தைக் கீழ்நோக்கி ஈர்ப்பது வெப்பக் கடத்தல். கதவிடுக்கின் வழியே நுழையும் ஊதல் காற்று உடலைத் தழுவி வெப்பத்தைக் கவர்ந்து செல்வது வெப்பச் சலனம். அகன்ற முன்கண்ணாடியை நோக்கி உடலின் வெப்பம் கதிர்களாக வெளியேறுவது வெப்பக் கதிர்வீச்சு.

அனுபவம் மிக்க ஓட்டுநர்கள் இம்மூன்று வழிகளையும் அடைக்கும் முறையைத் தாமே கண்டறிந்துள்ளனர். மேலே போர்த்தும் கம்பளியைப் போலவே கீழே விரிக்கும் விரிப்பும் தடிமனாக இருக்க வேண்டும் என்பர். சாக்கு, அட்டை, பழைய போர்வை ஆகியவற்றை அடுக்கி அதன்மேல் படுப்பர். முன்கண்ணாடியின் உட்புறத்தில் துணியோ அட்டையோ மறைப்பாகக் கட்டுவர். தடித்த ஒரே சட்டையை அணிவதைவிட மெல்லிய உடைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது நன்று என்பதும் அவர்தம் பட்டறிவே. உடைகளுக்கு இடையே சிறைப்படும் காற்றுதான் உண்மையான போர்வை. கம்பளி நம்மைச் சூடாக்குவதில்லை. நம் உடலின் சூட்டை வெளியேறாமல் காக்கிறது.

நம் உடலின் உள்வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ் அளவில் நிலைபெற வேண்டும். அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உடல் நடுங்கும், பேச்சு குழறும், சிந்தனை தடுமாறும். குளிருக்கு மது நல்லது என்னும் தவறான நம்பிக்கை சிலரிடம் உண்டு. மது, தோலின் அடியிலுள்ள குருதிக் குழாய்களை விரியச் செய்கிறது. அதனால் சூடு பரவுவது போன்ற உணர்வு தோன்றும். உண்மையில் உடலின் உள்வெப்பம் விரைவாக வெளியேறுகிறது. உறங்கச் செல்லுமுன் உண்ணும் சூடான உணவே உடலுக்கு எரிபொருளாகி இரவு முழுவதும் வெப்பம் தருகிறது.

கணப்பும் காற்றும்

குளிர்காலத்து நகரத்தை நக்கீரரின் நெடுநல்வாடை காட்டும் அழகு நினைவுகூரத்தக்கது. ஆயர்கள் நெருப்பில் கைகளைக் காய்ச்சிக்கொள்கின்றனர். வேனிற்காலத்து விசிறிகள் பயனின்றித் தொங்குகின்றன. காற்று புகாதவாறு கதவுகள் அடைக்கப்பட, அகன்ற வாயுடைய ‘தடவு’ எனும் நெருப்புக் கலத்தில் தீ மூட்டி மக்கள் குளிர் போக்குகின்றனர். வட இந்தியாவில் இன்றும் ‘அங்கீட்டி’ என்னும் பெயரில் அதே வகையான கரியடுப்பு வழக்கில் உள்ளது. நாம் அதனைக் கணப்புச் சட்டி என்கிறோம்.

பழங்கால மனைகள் அகன்றவை. கூரையிலும் சுவரிலும் காற்று புகும் இடுக்குகள் பல இருந்தன. சரக்குந்தின் அறையோ கதவையும் கண்ணாடியையும் ஏற்றிவிட்டால் ஒரு பெட்டி. குளிர் தாங்காமல் கணப்புச் சட்டியை அப்பெட்டிக்குள் வைத்து உறங்குவோர், மறுநாள் விழிப்பதில்லை. வட மாநிலங்களில் ஒவ்வொரு பனிக்காலத்திலும் இவ்வகை இறப்புகள் செய்தியாகின்றன. வண்டிகளில் மட்டுமன்றி, கட்டுமானத் தொழிலாளர் தங்கும் சிற்றறைகளிலும் இவை நிகழ்கின்றன.

காரணம் யாது? கரியும் விறகும் போதிய ஆக்சிஜன் கிடைக்கும்போது எரிந்து கார்பன் டைஆக்சைடை வெளியிடுகின்றன. ஆக்சிஜன் குறையும்போது கார்பன் மோனாக்சைடு பெருகுகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையோ தொண்டையையோ உறுத்துவதுமில்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது. ஆனால், கார்பன் மோனாக்சைடோடு அது இணையும் நாட்டம் ஆக்சிஜனோடு இணைவதைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேல். சிறிதளவு நச்சுவளி இருந்தாலும் அது ஆக்சிஜனின் இடத்தைக் கவர்ந்துகொள்கிறது. முதலில் தலைவலி, பின்னர்க் குமட்டல், தலைச்சுற்றல், சோர்வு. விழித்திருப்பவர் இவற்றை உணர்ந்து வெளியேறக் கூடும். உறங்குபவருக்கு இவ்வறிகுறிகள் எட்டுவதே இல்லை.

புகை இருந்தால்தான் ஆபத்து என்று பலரும் எண்ணுகின்றனர். புகையடங்கிச் செந்நிறமாகக் கனலும் கங்கு பாதுகாப்பானது என்று கருதி, அந்நிலையில் அதனை அறைக்குள் எடுத்து வைக்கின்றனர். பிழை இங்கேதான் தொடங்குகிறது. புகையற்ற கங்கிலிருந்தும் நச்சுவளி வெளியேறிக்கொண்டே இருக்கும். கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தால் போதும் என்பதும் நம்பத்தக்கதன்று. கங்கு அறைக்குள் இருத்தலே கூடாது. ‘குளிர்காய்தல் வெளியே, உறக்கம் உள்ளே’ என்பதை ஒரு நெறியாகக் கொள்வது உயிர் காக்கும்.

இயந்திரத்தை இயங்கவிட்டு அதன் வெப்பத்தில் உறங்குவதும் இடர் உடையதே. புகைபோக்கியில் விரிசல் இருந்தாலோ, பொழியும் பனி அதன் வாயை மூடினாலோ, சுவர் சூழ்ந்த இடத்தில் வண்டி நின்றாலோ கழிவுவளி அறைக்குள் திரும்பக் கூடும். குளிர்நாடுகளின் சரக்குந்துகளில் இதற்கெனத் தனி வெப்பமூட்டியைப் பொருத்துகின்றனர். அதில் டீசல் சிறிதளவே எரியும். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்துக்கொண்டு, கழிவுவளியையும் வெளியிலேயே விடுவதால் அறைக்குள் வெப்பம் மட்டுமே வந்து சேர்கிறது. தீயையும் மூச்சுக்காற்றையும் பிரித்து வைத்தல் என்னும் எளிய கருத்தே இக்கருவியின் அடிப்படை.

தெரிந்து தெளிவோம்

மூடிய அறையிலோ வண்டியிலோ ஒருவர் மயங்கிக் கிடந்தால், அவர் மது அருந்தியுள்ளார் என்று முடிவு செய்துவிடக் கூடாது. உடனே கதவுகளைத் திறந்து, அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவர வேண்டும். தீயை அணைக்க வேண்டும். 108 அல்லது 112 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். மீட்கச் செல்பவர் அந்த அறைக்குள் நெடுநேரம் நிற்றல் ஆகாது.

ஈரம் என்னும் மறைபகை

குளிரோடு இணைந்து வரும் மற்றொரு பகை ஈரம். உறங்கும் மனிதர் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் ஓர் இரவில் ஒரு குவளை அளவு நீரை ஆவியாக வெளியிடுகிறார். இருவர் உறங்கினால் அது இரு குவளை. அந்நீராவி குளிர்ந்த கண்ணாடியிலும் எஃகுக் கூரையிலும் பட்டு நீர்த்துளிகளாகிறது. விடியலில் கூரையிலிருந்து சொட்டும் நீர் கம்பளியை நனைக்கிறது. நனைந்த கம்பளியில் காற்றுக்கு இடமில்லை. ஆகவே, அது வெப்பத்தைக் காக்கும் ஆற்றலை இழக்கிறது.

அறைக்குள் சமைத்தால் ஈரம் மேலும் மிகும். சமையல் எரிவாயு ஒரு கிலோ எரியும்போது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நீர் ஆவியாக உருவாகிறது. எரிவாயுவின் எடையைவிட நீரின் எடை மிகுவது எங்ஙனம் என்று வியக்கத் தோன்றும். எரிவாயுவிலுள்ள ஹைட்ரஜனோடு காற்றிலிருந்து வரும் ஆக்சிஜன் சேர்வதே அதற்குக் காரணம். ஆதலால், சமையலை வெளியே வைத்துக்கொள்வதும், அடுப்பில்லாத அறையிலும் கண்ணாடியை இரு விரற்கடை இறக்கி வைத்து உறங்குவதும், பகலில் கம்பளியை வெயிலில் உலர்த்துவதும் இன்றியமையாதவை. குளிரை வெல்ல அறையை முற்றிலும் அடைக்க வேண்டும் என்றே மனம் சொல்லும். உயிர் வாழக் காற்று வேண்டும் என்று அறிவு சொல்லும். இவ்விரண்டுக்கும் இடையே நடுவுநிலை காண்பதே பனிக்காலக் குடியிருப்பின் கலை.

வண்டியும் குளிரை உணரும்

மனிதரைப் போலவே வண்டியும் குளிரால் துன்புறுகிறது. டீசலில் மெழுகுப் பொருள்கள் கரைந்துள்ளன. கடுங்குளிரில் அவை திரண்டு வடிகட்டியை அடைக்கின்றன. மேலும் குளிர்ந்தால் டீசல் கூழாகிறது. உறைந்த டீசலை இளக்கத் தொட்டியின் அடியில் தீ மூட்டும் வழக்கம் மலைச்சாலைகளில் இருந்துவருகிறது. அஃது எத்துணை ஆபத்தானது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. லடாக் போன்ற பகுதிகளுக்கென, சுழியத்திற்குக் கீழே 33 டிகிரி செல்சியஸ் வரை இளகு நிலையிலேயே இருக்கும் சிறப்பு டீசலை 2019-ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் உருவான இந்த எரிபொருள், பனிக்காலம் முழுவதும் மலைவழிகளில் வண்டிகள் இயங்கத் துணைசெய்கிறது.

புகை மாசைக் குறைப்பதற்காகப் புதிய சரக்குந்துகளில் யூரியா கரைசல் பயன்படுகிறது. அது சுழியத்திற்குக் கீழே 11 டிகிரி செல்சியஸில் உறைந்துவிடும். மின்கலத்தின் நிலையும் இரங்கத்தக்கதே. குளிரில் அதன் வேதிவினை மெதுவாகி ஆற்றல் குறைகிறது. அதே வேளையில் இயந்திர எண்ணெய் இறுகிவிடுவதால், இயந்திரத்தைச் சுழற்ற மிகுதியான ஆற்றல் தேவைப்படுகிறது. வலிமை குறையும் நேரத்தில் சுமை கூடுகிறது. சமையல் எரிவாயுவில் உள்ள பியூட்டேன், நீர் உறையும் வெப்பநிலையிலேயே ஆவியாக மறுக்கிறது. உருளையில் எரிவாயு இருந்தும் அடுப்பு எரியாத விந்தைக்குக் காரணம் இதுவே.

காஷ்மீரில் திசம்பர் 21 முதல் 40 நாள் நீடிக்கும் கடுங்குளிர்க் காலத்தைச் ‘சில்லை கலான்’ என்று அழைக்கின்றனர். அந்நாள்களில் பனிப்பொழிவாலும் நிலச்சரிவாலும் ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலை அடிக்கடி மூடப்படுகிறது. 2017-இல் திறக்கப்பட்ட செனானி–நாஷ்ரி சுரங்கப்பாதையும் 2021-இல் பயன்பாட்டுக்கு வந்த பனிஹால்–காசிகுண்ட் சுரங்கப்பாதையும் இவ்வழியைப் பெரிதும் எளிதாக்கியுள்ளன. எனினும், சாலை மூடப்படும் நாள்களில் சரக்குந்துகள் வரிசையாக நின்றுவிடுகின்றன. நம் ஊர்ச் சந்தைக்கு வரவேண்டிய ஆப்பிள் பெட்டிகளுக்கு முன்னால், உறைந்த கண்ணாடியைத் துடைத்தபடி ஒருவர் அமர்ந்திருப்பார். உணவு, நீர், மருந்து, கூடுதல் கம்பளி ஆகியவற்றை இரண்டு மூன்று நாள்களுக்குப் போதுமான அளவில் முன்னரே சேர்த்து வைத்தவரே அக்காத்திருப்பைக் கடக்க முடியும். இக்காலத்துச் சேம அச்சு இதுவே.

விரும்பி ஏற்போரும் வேலையாக ஏற்போரும்

உலகின் பிற பகுதிகளிலும் வண்டியில் வாழ்வோர் உள்ளனர். அமெரிக்காவிலும் கனடாவிலும் படுக்கை, சமையற்கட்டு, கழிவறை ஆகியவை அமைந்த பெரிய ஊர்திகளை வீடாகக் கொண்டு ஆண்டு முழுவதும் வாழ்வோர் பலர். திரைப்படப் படப்பிடிப்புகளில் ‘கேரவன்’ என்று நாம் கேள்விப்படுவது இத்தகைய ஊர்தியையே. ஓய்வுபெற்ற முதியோரும், வீட்டு வாடகை கொடுக்க இயலாதோரும், ஊர் சுற்றும் விருப்பமுடையோரும் அவர்களுள் அடங்குவர். பனிக்காலம் தொடங்கியதும் பறவைகளைப் போலத் தெற்கே சென்று, அரிசோனா பாலைநிலத்தில் ஆயிரக்கணக்கில் கூடுவோர் உண்டு. வடக்கிலேயே தங்குவோர் ஊர்தியின் அடிப்பகுதியைச் சுற்றிப் பலகைகளால் மறைத்துக் காற்றைத் தடுக்கின்றனர். நீர்க்குழாய்களுக்கு வெப்பநாடா சுற்றுகின்றனர். உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைந்து குழாயைப் பிளந்துவிடும் என்பதே அதற்குக் காரணம். அவர்தம் ஊர்திகளில் கார்பன் மோனாக்சைடு மிகுந்தால் ஒலியெழுப்பும் கையகலக் கருவி ஒன்றும் இருக்கும்.

அக்கருவி நம் சரக்குந்துகளிலும் இருந்தால் எத்தனை உயிர்கள் காக்கப்படும் என்னும் எண்ணம் எழுவது இயல்பு. அங்குள்ள ஊர்தி, வாழ்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. நம் சரக்குந்தின் அறை ஓட்டுவதற்கென வடிவமைக்கப்பட்டு, வாழ்வதற்கும் பயன்படுகிறது. இவ்வேறுபாட்டை வடிவமைப்பாளர்கள் உணர வேண்டும்.

சட்டமும் கடமையும்

ஓட்டுநரின் நலனைச் சட்டமும் கருதியுள்ளது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அவர்தம் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வரையறுத்தது. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல் உருவாக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்குந்துகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதன வசதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. வெயிலில் வெந்துகொண்டே வண்டியோட்டிய தலைமுறைக்குப் பின்னர் வந்த வரவேற்கத்தக்க மாற்றம் இது. வெப்பத்தை எண்ணிய நாம் குளிரையும் எண்ண வேண்டும். இயந்திரம் நின்ற பின்னும் பாதுகாப்பாக வெப்பம் தரும் அறை, நச்சுவளியை அறிவிக்கும் கருவி, நெடுஞ்சாலை ஓரங்களில் கதகதப்பான ஓய்வுக்கூடம் ஆகியவை ஆடம்பரங்கள் அல்ல, அடிப்படைத் தேவைகள்.

ஓட்டுநர் அறையை வடிவமைக்கும் ஆலையும், அதில் வாழும் ஓட்டுநரும் ஒரகடத்தில் ஒரே சாலையின் இரு பக்கங்களில் இருக்கின்றனர். மதில் ஒன்றே அவர்களைப் பிரிக்கிறது. இப்பாடத்தைப் பயிலும் மாணவருள் சிலர் நாளை அம்மதிலின் உட்புறத்தில் பொறியாளராகவோ தொழில்நுட்பராகவோ பணியாற்றக் கூடும். சிலருடைய தந்தையோ தமையனோ இப்போதே மதிலின் வெளிப்புறத்தில் ஒரு வண்டியில் உறங்கிக்கொண்டிருக்கலாம். வரைபலகையின் முன் அமர்பவர், அந்த அறையில் ஒரு பனிக்கால இரவைக் கழிக்கும் மனிதரை நினைத்துக்கொண்டால், வடிவம் தானே மாறும்.

வண்டியோடு சென்ற உமணர் முறியும் அச்சை எண்ணினர். மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு சென்றனர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர்க்கு வாய்த்த அம்முன்னறிவும் பரிவும் நமக்கும் வேண்டும். வண்டியை வீடாகக் கொண்டவர்கள் தம் நிலத்து வீட்டுக்கு நலமுடன் திரும்புவது அதனைப் பொறுத்தே அமையும்.

சொற்பொருள்

உமணர் – உப்பு வணிகர். ஒழுகை – வண்டித் தொடர். சேம அச்சு – மாற்றாக வைத்திருக்கும் அச்சு. தடவு – நெருப்பு இடும் கலம். கணப்பு – குளிர்காய மூட்டும் தீ. ஊதல் – குளிர்ந்த காற்று. பட்டறிவு – அனுபவ அறிவு. விரற்கடை – ஒரு விரலின் அகலம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் உள்ள சரக்குந்து ஓட்டுநர் ஒருவரிடம் அவருடைய நெடுந்தொலைவுப் பயணம் பற்றி உரையாடி, அதனை ஒரு நேர்காணலாக எழுதுக.

2. முன்பனி, பின்பனி ஆகிய பெரும்பொழுதுகளுக்கு உரிய மாதங்களைக் கண்டறிந்து, அக்காலங்களில் உங்கள் ஊரில் ஏற்படும் மாற்றங்களை வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. ‘குளிர்காய்தல் வெளியே, உறக்கம் உள்ளே’ என்னும் தலைப்பில் ஓட்டுநர்களுக்கான விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒன்றை உருவாக்குக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. உமணரின் வண்டித் தொடரைக் குறிக்கும் சொல்
அ) ஒழுகை ஆ) தடவு இ) கணப்பு ஈ) கூதிர்

2. பொருத்தமான கூற்றைத் தேர்க.
அ) புகையற்ற கங்கு நச்சுவளியை வெளியிடுவதில்லை.
ஆ) கார்பன் மோனாக்சைடுக்குக் கடுமையான மணம் உண்டு.
இ) ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிடக் கார்பன் மோனாக்சைடோடு எளிதில் இணையும்.
ஈ) மது உடலின் உள்வெப்பத்தைக் காக்கும்.

குறுவினா

1. சேம அச்சு என்பது யாது?
2. நனைந்த கம்பளி குளிரைத் தடுக்காதது ஏன்?

சிறுவினா

1. ஓட்டுநர் அறையிலிருந்து வெப்பம் வெளியேறும் மூன்று வழிகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. பெரும்பாணாற்றுப்படை காட்டும் உமணர் வண்டியையும் இன்றைய சரக்குந்தின் ஓட்டுநர் அறையையும் ஒப்பிடுக.

நெடுவினா

1. ‘குளிரை வெல்லும் முயற்சியே உயிருக்கு இடராகலாம்’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் வழி நிறுவுக.
2. நீவிர் சரக்குந்து வடிவமைக்கும் பொறியாளர் எனக் கருதிக்கொண்டு, பனிக்காலத்திற்கு ஏற்ற ஓட்டுநர் அறையில் இடம்பெற வேண்டிய வசதிகளைக் காரணங்களுடன் விவரிக்க.